மரத்தடியில் சொல்லாத விடை

ஆண்டு விழா மலருக்கு ஒரு கட்டுரை தரவேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, தமிழின் தொன்மை பற்றியோ குறளின் பெருமை பற்றியோ எழுதிக் கொடுத்துவிடலாம் என்றே முதலில் எண்ணினோம். ஆயின் அவற்றை எம்மினும் சிறப்பாக எழுதவல்லோர் இப்பள்ளியில் பலர் உள்ளனர். நாம் தமிழாசிரியராகப் பயின்றவர் அல்லோம். ஈழத்தின் வடபுலத்தில் உயர்தர வகுப்பு மாணவர்க்கு இரசாயனவியல் கற்பித்து வந்தோம். போர் எம்மை ஏதிலியாக்கி இந்நாட்டில் கொண்டுவந்து சேர்த்தது. இன்று நியூ ஜெர்சியில் வார இறுதிதோறும் உங்கள் பிள்ளைகளுக்கு எழுத்தும் இலக்கணமும் சொல்லிக்கொடுக்கிறோம். ஆகவே எமக்கு நன்கு தெரிந்த ஒன்றையே இம்மலருக்குத் தருகிறோம். ஒரு மாணவி கேட்ட கேள்வியும், அதற்கு நாம் பல ஆண்டுகள் பிந்திக் கண்ட விடையுமே அது. கட்டுரையில் இரசாயனம் சற்று மிகுந்திருந்தால் வாசகர் பொறுத்தருள்க.

2008-ஆம் ஆண்டின் பிற்பகுதி. வன்னியில் மக்கள் மேற்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் கிழக்கு நோக்கிப் பெயர்ந்துகொண்டிருந்தனர். மக்களோடு பாடசாலைகளும் பெயர்ந்தன. தருமபுரம் பக்கத்தில் ஒரு மாமரத்தின் கீழ், அடிமரத்தில் சாய்த்துவைத்த கரும்பலகையும் கைவிரல் அளவேயான வெண்கட்டித் துண்டுகளும் கொண்டு எமது வகுப்பு நடந்தது. ஆய்வுகூடம் இல்லை. நூலகம் இல்லை. நாம் முதுகில் சுமந்து வந்த இரண்டு நூல்களே எமது கல்விச் செல்வம்.

அன்று சமபகுதியம் என்னும் பாடம். தமிழ்நாட்டு வாசகர் இதனை மாற்றியம் என்பர். ஒரே அணுக்கள், ஒரே எண்ணிக்கை, ஆயின் அவை அமரும் ஒழுங்கு வேறு. அவ்வாறு அமையும் இரண்டு சேர்வைகள் ஒன்றுக்கொன்று சமபகுதியங்கள். மாணவர் மனத்தில் பதியவேண்டும் என்பதற்காகப் பாடத்திட்டத்துக்கு வெளியே இருந்து ஓர் எடுத்துக்காட்டைச் சொன்னோம். சதுரம் ஒன்றைக் கீறி, நடுவே பிளாற்றின அணுவை எழுதி, நான்கு மூலைகளில் இரண்டு அமோனியாவையும் இரண்டு குளோரினையும் வைத்தோம். ஒத்தவை இரண்டும் அடுத்தடுத்த மூலைகளில் இருந்தால் அது சிஸ். எதிரெதிர் மூலைகளில் இருந்தால் அது திரான்ஸ். இத்தாலியரான பெய்ரோனே 1844-இலேயே இவற்றில் சிஸ் வடிவத்தைச் செய்துவிட்டார். ஆயினும் நடுவணுவைச் சுற்றி நான்கும் ஒரு தளத்தில் சதுரமாக அமர்கின்றன என்பதை 1893-இல் அல்பிரட் வேர்ணரே எடுத்துரைத்தார். பின்னர் 1965-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பேர்க், மின்னோட்டம் பற்றீரியாக்களை என்ன செய்கிறது என்று ஆராய்ந்தார். அவை பிரிந்து பெருகாமல் நூல்போல் நீண்டன. அதற்குக் காரணம் மின்னோட்டம் அன்று. மின்வாயிலிருந்து கரைந்த பிளாற்றினமே அதனைச் செய்தது. அவ்வழியே சிஸ் வடிவம் புற்றுநோய் மருந்தாகி, 1978-இல் இந்நாட்டில் ஒப்புதல் பெற்றது. திரான்ஸ் வடிவத்துக்கு அந்த ஆற்றல் இல்லை.

இவ்வளவையும் சொல்லி முடித்து, இருக்கும் இடம் மாறினால் குணமும் மாறும் பாருங்கள் என்று சிறிது பெருமையோடு வெண்கட்டியை வைத்தோம். முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழுந்து நின்றாள்.

"சேர், ரெண்டுக்கும் ஒரே சூத்திரம். ரெண்டும் மஞ்சள் தூள் எண்டும் சொன்னியள். போத்தலிலை ஒட்டின பேர் அழிஞ்சு போச்செண்டால், எது மருந்து, எது மருந்தில்லை எண்டு எப்பிடிச் சேர் கண்டுபிடிக்கிறது?"

நாம் திகைத்தோம். எம்மிடம் விடை இல்லை. எமது நூல் இரண்டு படங்களையும் அருகருகே காட்டியதே அன்றி, எது எது என்று மனிதர் எவ்வாறு அறிந்தனர் என்பதைச் சொல்லவில்லை. நாமும் அதனை ஒருநாளும் கேட்டதில்லை. தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் துணிவும் அப்போது எமக்கு வரவில்லை.

"நல்ல கேள்வி, பிள்ளை. நாளைக்குச் சொல்லுறன்" என்றோம்.

அந்த நாளை வரவில்லை. மறுநாள் எறிகணைகள் நெருங்கியதால் வகுப்பு நடைபெறவில்லை. அதன்பின் அந்த மரத்தடியில் நாம் கூடவே இல்லை. 2009 ஜனவரியில் கிளிநொச்சி வீழ்ந்தது. மே மாதத்தில் போர் முடிந்தது. எஞ்சியோர் செட்டிகுளத்து முகாம்களில் முட்கம்பிக்குள் வரிசையில் நின்றோம். தண்ணீர் வரிசையிலும் உணவு வரிசையிலும் எம் மாணவர் சிலரைக் கண்டோம். அந்தப் பிள்ளையைக் காணவில்லை. கேட்டவரெல்லாம் வேறு வேறு சொன்னார்கள். இன்றுவரை அவளைப் பற்றி உறுதியான செய்தி எதுவும் எமக்குக் கிட்டவில்லை.

ஆண்டுகள் சென்றன. இந்நாட்டில் எமது பட்டச் சான்றிதழை வைத்து ஆசிரியப் பணி பெறுவது எளிதாக இல்லை. இரவு வேளையில் ஓர் ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் கலங்கள் கழுவும் வேலை கிடைத்தது. இழிவென்று நாம் கருதவில்லை. குடுவையும் அளவியும் மீண்டும் கைக்கு வந்தனவே என்று உள்ளூர மகிழ்ந்தோம்.

ஓர் இரவு, மேசையைத் துடைக்கும்போது எமது கையிலிருந்த அசற்றோன் போத்தல் தவறிச் சாய்ந்தது. அங்கிருந்த இரண்டு சிறு குப்பிகளின்மேல் மையினால் எழுதியிருந்த பெயர்கள் கரைந்து வழிந்தன. பல நாள் உழைப்பில் ஓர் ஆய்வு மாணவர் செய்து வைத்திருந்த சேர்வைகள் அவை. வேலை போயிற்று என்றே எண்ணினோம். வீட்டு வாடகையும் வழக்கறிஞருக்குக் கொடுக்கவேண்டிய பணமும் கண்முன் வந்து நின்றன. அம்மாணவர் கோயம்புத்தூரைச் சேர்ந்தவர். அவரிடம் சென்று நடந்ததைச் சொன்னோம். அவர் குப்பிகளை வாங்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"கவலைப்படாதீங்கண்ணா. பேரு அழிஞ்சா என்ன? உள்ள இருக்கறதையே கேட்டுப் பாத்துக்கலாம்."

அவை என்ன என்று வினவினோம். பிளாற்றினம் நடுவே, இரண்டு குளோரின், இரண்டு மூபியூற்றைல் பொசுபீன். ஒன்று சிஸ், மற்றது திரான்ஸ் என்றார். எமது கால்கள் அந்த இடத்திலேயே நின்றுவிட்டன. அமோனியாவில் நைதரசன் இருக்குமிடத்தில் பொசுபீனில் பொசுபரசு இருக்கிறது. மற்றபடி மாமரத்தின் கீழ் நாம் கீறிய அதே சதுரம். அதே கேள்வி.

"சமபகுதியம்தானே, தம்பி? எது எது எண்டு எப்பிடிக் கண்டுபிடிப்பியள்?" என்று கேட்டோம். அவர் வியப்போடு எம்மை நோக்கினார். நாம் முன்னர் என்ன தொழில் செய்தோம் என்பதை அன்றுதான் அவர் அறிந்தார். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் மேல்நிலைக் கல்வி முடித்தவர் ஆதலால், அவ்விரவு முழுவதும் தமிழிலேயே பாடம் நடந்தது. இம்முறை நாம் மாணவர்.

பாடம் தொடங்குமுன் சொற்களை ஒப்பிட்டுக்கொண்டோம். நாம் சிக்கற் சேர்வை என்றதை அவர் அணைவுச் சேர்மம் என்றார். எமது இணையி அவரது ஈனி. எமது சமதானி அவருக்கு ஐசோடோப்பு. எமது மீடிறன் அவருக்கு அதிர்வெண். எல்லாவற்றிலும் எம்மை நிறுத்தி வைத்தது ஒரு சொல். வெளியிலிருந்து வரும் அசைவின் மீடிறன் ஒரு பொருளின் இயல்பான மீடிறனோடு பொருந்தும்போது அப்பொருள் பேரளவில் அசையத் தொடங்கும். இதனைத் தமிழ்நாட்டார் ஒத்ததிர்வு என்பர். ஈழத்துப் பாடநூல் பரிவு என்று சொல்லும். ஊஞ்சலின் காலம் அறிந்து தள்ளினால் சிறு கையும் அதனை உயர எழச் செய்யும் அல்லவா? அதுவே பரிவு. பிறர் துயருக்கு மனம் அசைவதையும் தமிழில் பரிவு என்றே சொல்கிறோம். அந்த மாணவர் பயன்படுத்திய முறைக்கு எமது ஊர்வழக்கில் பெயர் கருக் காந்தப் பரிவு.

அதன் வழிமுறை இது. சில அணுக்களின் கரு சின்னஞ்சிறு காந்தமாக இருக்கிறது. வலிய காந்தப் புலத்தில் வைத்தால் அது சாய்ந்து சுழலும் பம்பரம்போல் தலையசைத்துச் சுற்றும். அச்சுற்றுக்கு உரிய மீடிறனில் வானொலி அலையைச் செலுத்தினால் கரு அதனை ஏற்று, பின்னர் தானும் ஒரு மெல்லிய அலையாக மறுமொழி தரும். 1946-இல் ஹாவர்டில் எட்வர்ட் பேர்செல் குழுவினரும், கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டில் பீலிக்ஸ் புளொக் குழுவினரும் தனித்தனியே இதனை வெளியிட்டனர். 1952-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 1950-இல் அதே ஸ்டான்போர்டில் புரொக்டர், யூ என்ற இருவர் அமோனியம் நைத்திரேற்றில் நைதரசனின் மறுமொழியைத் தேடினர். ஒன்று கிடைக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் இரண்டு கிடைத்தன. அமோனியத்திலுள்ள நைதரசன் ஒரு குரலிலும் நைத்திரேற்றிலுள்ள நைதரசன் வேறொரு குரலிலும் பேசின. அணு தான் யாரோடு வாழ்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறது என்பது அதனால் தெரிந்தது.

பொசுபரசு இம்முறைக்கு மிகவும் இசைந்த மூலகம். இயற்கையில் கிடைக்கும் பொசுபரசு முழுவதும் 31 என்னும் திணிவெண் கொண்ட ஒரே சமதானி. அதன் ஒவ்வொரு கருவும் பேசும். பிளாற்றினமோ கலப்புக் குடும்பம். நூறு பிளாற்றின அணுக்களை எடுத்தால் ஏறத்தாழ 34 மட்டுமே 195 என்னும் சமதானி. அதற்கு மட்டுமே இந்தக் காந்தத் தன்மை உண்டு. மீதி 66-உம் வாய் திறவா. இந்த வேற்றுமைதான் விடையின் திறவுகோல் என்றார் மாணவர்.

அவர் எம்மைக் கருவி இருந்த அறைக்கு அழைத்துச் சென்றார். திறப்பையும் கடனட்டையையும் வெளியே வைக்கச் சொன்னார். உள்ளே ஆளுயரத்துக்கு மேலான வெள்ளை உருளை ஒன்று நின்றது. அதனுள்ளே −269 பாகை செல்சியசில் திரவ ஹீலியத்தில் மூழ்கிய கம்பிச்சுருளில் மின்னோட்டம் தடையின்றிச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் புலம் 9.4 டெஸ்லா; பூமியின் காந்தப் புலத்தைப் போல் ஒன்றரை இலட்சம் மடங்குக்கும் மேல். அதனுள் பொசுபரசு வினாடிக்கு 16 கோடியே 20 இலட்சம் முறை தலையசைக்கும். பென்சிலினும் மெல்லிய கண்ணாடிக் குழாயில் முதற் குப்பியின் தூளைக் கரைத்து அவர் உள்ளே இறக்கினார். சில நிமிடங்களில் ஒரு வரைபடம் வந்தது.

நடுவில் உயர்ந்த கோடு ஒன்று. இருபுறமும் சம தூரத்தில் இரண்டு குட்டைக் கோடுகள். மூன்றின் அளவும் ஏறத்தாழ 1, 4, 1 என்ற விகிதம். நாம் பார்த்ததும் காரணம் விளங்கிற்று. பேசாத பிளாற்றினத்தோடு இருக்கும் 66 விழுக்காட்டுப் பொசுபரசும் ஒரே குரலில் பேசி நடுக்கோட்டை எழுப்புகிறது. பேசும் பிளாற்றினத்தோடு இருக்கும் 34 விழுக்காடு, அந்த அயலவரின் காந்தம் மேல்நோக்கி இருந்தால் ஒருபுறமும் கீழ்நோக்கி இருந்தால் மறுபுறமும் விலகி, பதினேழு பதினேழாகப் பிரிகிறது. பொசுபரசு பிளாற்றினத்தோடு நேரே பிணைந்திருக்கிறது என்பதற்கு இந்த இரு துணைக்கோடுகளே சாட்சி.

"இதிலை சிஸ் எங்கை, திரான்ஸ் எங்கை, தம்பி?"

துணைக்கோடுகள் இரண்டுக்கும் இடையிலான தூரத்தை அளக்கச் சொன்னார். 21.6 அலகு. அவ்வலகு என்பது கருவியின் மீடிறனில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. ஆகவே ஓர் அலகுக்கு 162 ஹெர்ட்ஸ். பென்சிலை எடுத்துப் பெருக்கினோம். 21.6 பெருக்கல் 162. ஏறத்தாழ 3500 ஹெர்ட்ஸ். இரண்டாம் குப்பியையும் இறக்கினோம். தூரம் 14.8 அலகு. பெருக்கினால் ஏறத்தாழ 2400. சூத்திரம் ஒன்று, நிறை ஒன்று, குரல்தான் வேறு. பொசுபீன்கள் அடுத்தடுத்து இருக்கும் சிஸ் வடிவத்துக்கு 3500. எதிரெதிரே இருக்கும் திரான்ஸ் வடிவத்துக்கு 2400.

ஏன் இப்படி? மூலைகள் நான்காயினும், எதிரெதிரே இருக்கும் இரண்டு இணையிகளும் பிளாற்றினத்தின் ஒரே இலத்திரன் வெளியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. முகாமில் எமது கூடாரத்தில் இருவருக்கு ஒரு போர்வை இருந்தது. மறுபுறம் படுத்திருப்பவர் நன்கு இழுத்துப் போர்ப்பவராயின் எமக்குக் குறையும். இழுக்காதவராயின் எமக்கு மிகும். பொசுபீன் வலிந்து இழுக்கும் இணையி. குளோரின் அவ்வளவு இழுக்காது. திரான்ஸ் வடிவத்தில் பொசுபீனுக்கு எதிரே பொசுபீன்; இருவருக்கும் போர்வை குறைகிறது, பிளாற்றினத்தோடு உள்ள பிணைப்பு தளர்கிறது, கோடுகளின் தூரமும் குறைகிறது. சிஸ் வடிவத்தில் ஒவ்வொரு பொசுபீனுக்கும் எதிரே குளோரின். பிணைப்பு வலுக்கிறது, தூரம் மிகுகிறது. பிட்கொக், ரிச்சர்ட்ஸ், வெனான்சி ஆகிய மூவர் 1966-இல் இத்தகைய அளவீடுகளைக் கொண்டே திரான்ஸ் செல்வாக்கு என்னும் கருத்தை நிறுவினர். ஓர் அணுவின் நிலையை அதன் எதிரே அமர்ந்திருப்பவர் தீர்மானிக்கிறார் என்பது அதன் சாரம்.

இம்முறைக்கு எல்லையும் உண்டு என்று மாணவர் நேர்மையாகச் சொன்னார். ஒத்த சேர்வைகளை ஒப்பிடும்போதே இவ்வெண்கள் பொருள் தரும். எல்லா அணுக்களின் தூரத்தையும் கோணத்தையும் அறியவேண்டின் பளிங்காக்கி எக்ஸ் கதிரால் நோக்கவேண்டும். வேறு வேறு வகைப் பொசுபீன்கள் இரண்டு இருப்பின் இன்னொரு சான்றும் கிட்டும். அவை தம்முள் பேசிக்கொள்ளும் அளவு எதிரெதிரே இருந்தால் சில நூறு ஹெர்ட்சாகவும், அடுத்தடுத்து இருந்தால் சில பத்து ஹெர்ட்சாகவோ அதனினும் குறைவாகவோ இருக்கும். குப்பிகளில் ஒன்று வெண்மையாகவும் மற்றது மஞ்சளாகவும் இருந்ததைக் கண்டு, நிறத்தை வைத்தே சொல்லியிருக்கலாமே என்றோம். மஞ்சள் திரான்ஸ் என்று ஊகிக்கலாம், ஊகத்தைக் குப்பியில் எழுத முடியாது என்றார். பின்னர் எழுதுகோலை எம்மிடம் நீட்டி, "நீங்களே எழுதுங்க சார்" என்றார். அதுவரை அண்ணா என்று அழைத்தவர் அப்போதுதான் அவ்வாறு அழைத்தார். நாம் இரண்டு குப்பிகளின்மேலும் பெயர் எழுதினோம். கை சிறிது நடுங்கிற்று.

இவ்விடத்தில் நாம் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ளல் வேண்டும். அந்தப் பிள்ளைக்கு விடை சொல்ல இத்துணைப் பெரிய காந்தம் தேவைப்படவில்லை. அவள் கேட்டது அமோனியா கொண்ட சேர்வையைப் பற்றி. பின்னர் தேடிப் படித்தபோது, குர்னாகொவ் என்னும் உருசியர் 1893-இலேயே அதற்கு எளிய சோதனை ஒன்றைக் கண்டிருந்தார் என்று அறிந்தோம். தயோயூரியா என்னும் பொருளைச் சேர்த்தால் சிஸ் வடிவம் மஞ்சள் பளிங்குகளையும் திரான்ஸ் வடிவம் வெண்ணிற ஊசிகளையும் தரும். பொசுபீன் சேர்வைகளுக்கோ 1936-இல் டென்மார்க்கின் யென்சன் இருமுனைத் திருப்புதிறனை அளந்து விடை கண்டிருந்தார். எதிரெதிரே சமனாக இழுபடும் திரான்ஸ் வடிவத்துக்கு அது இல்லாமற் போகும். ஆக, மரத்தடியில் அவள் கேட்டபோது அவ்விடைக்கு வயது நூறைத் தாண்டியிருந்தது. எமது முதுகுச் சுமையில் இன்னொரு நூல் இருந்திருந்தால் ஒரே வாக்கியத்தில் சொல்லியிருப்போம். அந்நூல் தமிழில் இல்லை என்பது எம் குறைக்கு ஒரு பாதிச் சாட்டு. தெரியாது என்று சொல்லாமல் நாளை என்று சொன்னதற்குச் சாட்டு எதுவுமில்லை.

இவற்றை ஏன் தமிழ்ப் பள்ளி மலரில் எழுதவேண்டும் என்று கேட்கலாம். சென்ற பருவத்தில் எமது வகுப்பில் ஒரு சிறுவன், "சார், தமிழ்ல சயின்ஸ் சொல்ல முடியுமா? கதையும் பாட்டும் மட்டும்தானே வரும்?" என்று கேட்டான். இம்முறை நாளை என்று சொல்லவில்லை. நான்கு பிள்ளைகளைச் சதுர மேசையைச் சுற்றி அமர்த்தினோம். இருவருக்குச் சிவப்புத் தாள், இருவருக்கு நீலத் தாள். அடுத்தடுத்து அமர்ந்தால் ஒன்று, எதிரெதிர் அமர்ந்தால் வேறொன்று. போர்வைக்குப் பதிலாக மேசையின் குறுக்கே ஒரு துண்டைப் போட்டு இழுக்கச் சொன்னோம். பிள்ளைகள் இழுத்து, சிரித்து, பின்னர் தாமாகவே விடையைச் சொன்னார்கள். தமிழில்தான் சொன்னார்கள். பரிவு என்ற சொல்லுக்கு இரு பொருள் என்றதும் அச்சிறுவன் அதனைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான்.

வகுப்பில் அன்று அவர்களுக்கு மேலும் மூன்று செய்திகள் சொன்னோம். இங்குள்ள ஐசலினில், நாம் மளிகைக்குச் செல்லும் ஓக் மரச் சாலைக்கு அண்மையில்தான் ஏங்கல்ஹார்ட் என்ற நிறுவனத்தின் தலைமையகம் இருந்தது. பிளாற்றினத்தைத் தூய்மை செய்து வணிகம் செய்த அந்நிறுவனம் 2006-இல் வேறு நிறுவனத்தோடு இணைந்தது. கார்களின் புகையைத் தூய்மையாக்கும் பிளாற்றின ஊக்கியை உருவாக்கியதில் அதன் அறிஞர்கள் முன்னின்றனர். 1975 முதல் அத்தகைய ஊக்கிகள் இந்நாட்டுக் கார்களில் பரவலாயின. பள்ளி வாசலில் நிற்கும் உங்கள் வண்டியின் அடியிலும் அவ்வழி வந்த ஊக்கி இருக்கும். இரண்டாவது, இதே மாநிலத்தின் மரே ஹில்லில் உள்ள பெல் ஆய்வுகூடத்தில் 1970-களில் ராபர்ட் ஷுல்மன் குழுவினர் உயிருள்ள கலங்களைச் சிதைக்காமல் அவற்றினுள்ளே பொசுபரசு பேசுவதைக் கேட்டனர்.

மூன்றாவது செய்தி எமது ஊர் பற்றியது. மாசச்சூசெற்சைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். தமிழ் கற்றார். மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவரது முயற்சியின் பயனாக 1875-இல் வெளிவந்த தமிழ் இரசாயன நூலின் பெயர் கெமிஸ்தம். ஓர் அமெரிக்கர் எங்கள் ஊருக்கு வந்து தமிழில் இரசாயனம் சொல்ல முடியும் என்று காட்டி ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆகிறது. அவரது ஊருக்கு வந்திருக்கும் நாம் அதனை மறுத்துப் பேசுவது முறையாகாது.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை பொதுப் பள்ளியில் கற்ற அறிவியலை வாரத்துக்கு ஒருமுறையேனும் தமிழில் உங்களுக்குச் சொல்லச் செய்யுங்கள். ஈழத்துச் சொல்லோ தமிழ்நாட்டுச் சொல்லோ, எது வந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். சொல் கிடைக்காத இடத்தில் ஆங்கிலப் பெயரைத் தமிழ் ஒலியில் சொன்னாலும் குற்றமில்லை. பிள்ளையின் கேள்விக்கு விடை தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். பின்னர் இருவருமாகச் சேர்ந்து தேடுங்கள். நாளை என்று மட்டும் தள்ளாதீர்கள்.

இறுதியாக, இம்மலர் எங்கெங்கோ செல்லும் என்பதால் ஒரு வரி. பிள்ளை, போத்தலில் ஒட்டிய பேர் அழிந்தால் எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டாய் அல்லவா? கண்டுபிடிக்கலாம். தயோயூரியா சேர்த்துப் பார்க்கலாம். பொசுபரசு இருந்தால் அதனைப் பேசவிட்டுத் துணைக்கோடுகளின் தூரத்தை அளக்கலாம். சிஸ் என்றால் 3500, திரான்ஸ் என்றால் 2400. பிந்தியமைக்குப் பொறுத்துக்கொள். உன் சேர்.